பூட்டிய வீட்டின் முறை

1

எங்கள் வீட்டு வாசலில் கம்பு நிற்கிறது என்று ஊரிலிருந்து போன் வந்தபோது நான் கடையில் செவ்வந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

பேசியது ரேணுகா. எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண். கன்னடம் பேசும் நெசவுக்காரர் வீட்டுப் பெண், வீட்டுக்குள் அந்தப் பாஷைதான். வெளியே நம்மைப் போலத்தான் பேசுவாள். நான் மலேசியாவுக்கு வரும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் குரலே எனக்குத் தெரியவில்லை. தன் அப்பா பெயரைச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

“அண்ணே, கம்பு நாலஞ்சு நாளா உங்க வீட்டு வாசல்லயே நிக்குதுண்ணே.”

“எந்தக் கம்பும்மா?”

“ஊருணிக் கம்புண்ணே. முறைக் கம்பு.”

படிப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்காது. எங்கள் ஊர் பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. இப்போது அருப்புக்கோட்டையே ஊர்வரை வந்துவிட்டது என்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்களுக்குக் குடிதண்ணீர் ஊருணியில்தான். மழைத் தண்ணீர் ஒரு தடவை நிரம்பினால் அதை வைத்துத்தான் வருடத்தை ஓட்ட வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வீடு காவல் இருக்கும். யாரும் குளிக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது, செருப்போடு படியில் கால் வைக்கக் கூடாது. சாயந்திரம் காவல் முடிந்ததும் கையில் இருக்கும் கம்பைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக் கதவில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கதவில் கம்பு நின்றால் நாளைக்கு அந்த வீட்டு முறை. வாயால் சொல்வது கிடையாது.

இதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. கூலிக்கு ஆள் வைத்தால் முறை கழியாது. அடுத்தது, ஒரு வீட்டுக் கதவில் சாய்த்த கம்பை அந்த வீட்டு ஆள்தான் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொட மாட்டார்கள்.

பிறகு குழாய் வந்தது. கேனில் தண்ணீர் வந்தது. கம்பு எந்த வீட்டுப் பரணிலோ ஏறிவிட்டது. ஊருணியில் கோழிக்கடை இறகும் கிழிந்த மெத்தையும் இடித்த சுவரும் விழ ஆரம்பித்தன. இதெல்லாம் நான் வந்த பிறகு நடந்தது.

ரேணுகாவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஊருணியைப் பழமையான இடங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள். படித்துறையில் இரண்டு கல்தூண் உண்டு. ஒவ்வொன்றிலும் விளக்கு ஏந்திய பெண் செதுக்கியிருக்கும். பக்கத்தில் எழுத்து வெட்டிய கல் ஒன்று பாதி மண்ணுக்குள் கிடக்கிறது. எந்தக் காலத்து எழுத்து என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், ஊருணியை மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்றும் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மனுவை வாங்கிய அதிகாரி, குப்பை கொட்டுவதைத் தவிர வேறு எதற்கு அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டாராம். மழை முடிந்து நேரில் வருகிறோம், ஊர் அதை வைத்திருக்கிற நிலையைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அதன் பிறகுதான் எல்லாரும் இறங்கிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். பரணிலிருந்து கம்பை இறக்கி மறுபடியும் முறை வைத்திருக்கிறார்கள். கம்பு வீடு வீடாக ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, எங்கள் வீட்டுக் கதவுவரை. எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிற வீடு.

எடுக்க ஆள் இல்லை. அடுத்தவர் தொடக் கூடாது. காவல் அத்தோடு நின்றுபோயிற்று.

2

அன்று சாயந்திரம் ரேணுகா மறுபடியும் கூப்பிட்டாள். எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எத்தனை பேர் நின்றார்கள் என்று தெரியாது. இருமல், சிரிப்பு, பைக் சத்தம் எல்லாம் கேட்டது.

என் தங்கை மாரியம்மாள் அங்கே இருந்தாள். உள்ளூரிலேயே கீழத்தெருவில் கட்டிக்கொடுத்தது. எங்கள் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது.

“சாவி வச்சிருக்க தங்கச்சி எடுத்தா என்னங்கேன்?” என்றது ஒரு வயதான குரல். டீக்கடைச் சின்னையா என்று நினைத்தேன்.

“சாவி வச்சிருந்தா?” என்றாள் மாரி. “எங்க வீட்டு முறைய நான் போன வாரம்தான் நின்னு முடிச்சேன். ரெண்டு வீட்டுக்கும் நானே நிக்கவா? எங்க அண்ணன் வீட்டு முறை எங்க அண்ணன் வீட்டு முறைதான்.”

“அப்ப கம்பு இப்படியே நிக்கட்டும்ங்கியா?”

“என்னைய ஏன் கேக்கீக? கொண்டாந்து வச்சவுகளக் கேளுங்க. பூட்டு தொங்குறது கண்ணு தெரியலையா?”

“வரிசையில அடுத்த வீடு இதுதானம்மா. தாண்டிப் போனா, என் வீட்டத் தாண்டிப் போனீகளான்னு நாளைக்கு வந்து கேக்க மாட்டாரா?”

“அவுக வந்து கேட்டுட்டாலும்” என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“பேசாம கம்ப மலேசியாவுக்குப் பார்சல் போட்டுருங்க” என்றான் மாரியின் வீட்டுக்காரன் பாண்டி. அதற்கும் சிரித்தார்கள். பாண்டி எப்போதும் இப்படித்தான் பேசுவான். கெட்டவன் இல்லை.

ரேணுகா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“அண்ணே, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்ட முறையில இருந்து எடுத்துறலாம். இல்லன்னா நீங்களே நில்லுங்க.”

“நான் எப்படிம்மா நிக்கிறது?”

“ஊருணிக் கரையில கம்பம் நட்டுக் கேமரா போட்டுருக்கம்லண்ணே. வெளிநாட்டுல இருக்கவுக போன்லயே பாத்துக்கலாம். சிங்கப்பூர்ல இருக்க ரெண்டு வீட்டுக்காரவுக அப்படித்தான் நிக்கிறேன்னு சொல்லியிருக்காக. விடியிறதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் பாக்கணும். யாராச்சும் கொட்ட வந்தா, போன்ல மைக்குப் படம் இருக்கும், அத அமுக்கிப் பேசுனா கம்பத்துல இருந்து சத்தம் வரும், இங்க பேசுறதும் உங்களுக்குக் கேக்கும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாதுன்னுதான இருக்கு, கேமராவுல நிக்கக் கூடாதுன்னு இல்லையே?”

“அதெல்லாம் அந்தக் காலத்துல எங்க இருந்துச்சு” என்றது வயதான குரல்.

“எடுத்துறவா, நிக்கிறீகளாண்ணே?”

இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்க நான் பேசியதே இல்லை. என் கல்யாணத்தில்கூடத் தலையைத்தான் ஆட்டினேன். எடுத்துவிடுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“நிக்கிறேன்” என்றேன்.

“அப்ப கம்ப நாங்க எடுத்துக்கிறலாம்னு சத்தமாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்.”

“எடுத்துக்கோங்க.”

தகரக் கதவில் கம்பு உரசுகிற சத்தம் போனில் கேட்டது.

3

நான் இருப்பது தைப்பிங்கில். மழை அதிகம் பெய்கிற ஊர். வந்த புதிதில் மத்தியானம் மேகம் கூடினாலே வெளியில் வந்து நின்று பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவதோடு சரி.

கோவிலுக்குப் பக்கத்தில் பூக்கடை. என் மனைவி சாந்தியின் மாமாவுடையது. கூலி வேலைக்கு வந்தவன் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு நின்றுவிட்டேன். காலையில் பூ வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, கட்ட ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் அதுதான். கல்யாண மாலை, சாமி மாலை, சாவு மாலை மூன்றும் ஒரே மேசையில்தான் நடக்கும். விரல் தன்னாலே போகும். என்ன நினைத்துக்கொண்டு கட்டினேன் என்று கேட்டால் சொல்ல முடியாது.

வருடா வருடம் விசா புதுப்பிப்போம். சாந்தி கூட வந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வருடம் கவுண்டரில் இருந்த பெண் மலாயில் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டாள். நான் பாளையம்பட்டி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் எழுதப் போனவள் நிமிர்ந்து, அது பேராக் மாநிலத்திலா, கெடாவிலா என்று கேட்டாள். சாந்தி குறுக்கே வந்து சரியான விலாசத்தைச் சொன்னாள். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன்.

நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அட்டைக்கு மனு போட்டிருந்த சமயத்தில் அம்மா இறந்துபோனாள். அப்போது பாஸ்போர்ட் என் கையில் இல்லை, முத்திரைக்குப் போயிருந்தது. போக முடியவில்லை. அன்று ஒரு மலாய்க்காரரின் காருக்குக் கல்யாண அலங்காரம் இருந்தது, அதைச் செய்தேன். அட்டை அப்புறம் வந்தது. பர்ஸில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த நாளிலும் ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கோபமோ வருத்தமோ இருந்ததாகச் சொல்ல முடியாது. போக வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மகள் கஸ்தூரி ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். மகன் ஈப்போவில் படிக்கிறான். இருவரும் தமிழ் பேசுவார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும்போது மலாயும் ஆங்கிலமும்தான். நான் அறைக்குள் வந்தால் பாதி வாக்கியத்தில் தமிழுக்கு மாறுவார்கள், விருந்தாளிக்கு நாற்காலி போடுகிற மாதிரி. மரியாதைக்குத்தான் செய்கிறார்கள். அதற்குள் பேசிய விஷயம் முடிந்திருக்கும்.

4

கஸ்தூரிதான் என் போனில் கேமராவை ஏற்றிக் கொடுத்தாள். முதல் முறை வந்த நாளில் போனை ஆர்கிட் வாளியில் சாய்த்துவைத்துக்கொண்டு மாலை கட்டினேன்.

ஊருணி அதில் சின்னதாகத் தெரிந்தது. படித்துறை, இரண்டு தூண், எதிர்க்கரையில் கருவேலம், ஓரமாகத் தார் ரோடு. மழை பெய்திருந்ததால் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. தூணில் விளக்கு ஏந்திய பெண்ணுக்கு முகம் தேய்ந்துபோயிருக்கிறது என்பது நேரில் பார்த்த எனக்குத் தெரியும். அதில் தெரியவில்லை.

கஸ்தூரி எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இது லைவா, போட்டோவா? ஒன்னுமே அசையலயே.”

“லைவுதான்.”

கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு ஆடு நடந்து போனது.

“ஆமாலா, லைவ்தான்” என்றாள். “யாருப்பா இதுக்குச் சம்பளம் குடுக்குறா?”

“யாரும் இல்ல.”

“அப்புறம் ஏன்?”

“நம்ம முறை.”

அவள் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாள். நான் அடுத்த பூவை எடுத்தேன். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ, தண்ணீர்க் கேன் வண்டி. ஒரு ஆள் வந்து படியில் உட்கார்ந்து வெகுநேரம் போன் பேசிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறிப் போனார். கட்டுப்பாடு தெரிந்தவர். அங்கே பொழுது சாய்ந்ததும் ரேணுகா வந்து கம்பத்துக்குக் கீழே நின்று கையை ஆட்டினாள். எனக்குப் பதிலாக அவள் கம்பைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் சாய்த்தாள். அப்படித்தான் ஏற்பாடு.

ஊரைவிட்டு வந்த பிறகு ஊரின் ஒரு நாள் முழுவதும் என் கண்ணில் பட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்ததா என்று சாந்தி கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

5

அடுத்த முறைக்கு முந்தின நாள் பாண்டி கூப்பிட்டான். அவன் தானாகக் கூப்பிடுவது குறைவு.

“மச்சான், நாளைக்கு உங்க முறையாமுல்ல?”

“ஆமா மாப்ள.”

“நல்லது, நல்லது. அதுக்காக நாள் பூராம் போனையே பாத்துக்கிட்டு இருக்காதீக. கண்ணு கெட்டுப்போகும். வேலையப் பாருங்க.”

அக்கறையாகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மாரி வீட்டில் பின்பக்கச் சுவரை இடித்துவிட்டு மாடி எடுக்கிறார்கள் என்பது தெரியும். அதைப் பற்றியும் கொஞ்சம் பேசினான்.

மறுநாள் ஊரில் காலை வெயில் ஏறிய நேரம். இங்கே ஒரு சீனர் சாவு மாலை சொல்லியிருந்தார். கட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது படித்துறைப் பக்கம் ஒரு டிராக்டர் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. டிப்பரில் இடித்த சுவர், ஒரு லோடு. பக்கத்தில் நின்று கையைக் காட்டி வரச் சொல்லிக்கொண்டிருந்தவன் பாண்டி.

அப்போதுதான் விளங்கியது. வேறு எந்த வீட்டு முறையாக இருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான். மச்சான் வாயைத் திறக்க மாட்டார் என்று நாள் பார்த்து வந்திருக்கிறான். என்னைத் தெரிந்த யாரும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

அதிகாரிகள் இரண்டொரு நாளில் வருவதாக இருந்தது. ஊருணி சுத்தமாக இருக்கிறது, ஊர் காவல் காக்கிறது என்று காட்டத்தான் இத்தனை பாடு. படித்துறையில் ஒரு லோடு இடிசல் கிடந்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. எழுத்து வெட்டிய கல் இருக்கிற இடமும் அதுதான்.

ரேணுகாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதிகாரிகள் என்றைக்கு வருகிறார்கள் என்று கேட்க விருதுநகர் போயிருந்தாள் என்பது அப்புறம் தெரிந்தது. வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை, மாரியைத் தவிர.

டிப்பர் மேலே எழும்பியது. மண் கொஞ்சம் சரிந்து படியில் விழுந்தது.

மைக்குப் படத்தை அமுக்கினேன்.

“கொட்டாதீக.”

சத்தம் போய்ச் சேரச் சற்று நேரம் ஆகிறது. பிறகு டிராக்டர்க்காரன் அண்ணாந்து பார்த்தான்.

“யாருய்யா அது?”

“ஒண்ணுமில்ல, மெசினு. நீ கொட்டு” என்றான் பாண்டி.

“மாப்ள, நான்தான்.”

பாண்டி கம்பத்தைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

“மச்சானா? நல்லாருக்கீகளா?”

“நல்லாருக்கேன். கொட்டாதீக.”

“மச்சான், இது வேற யாரு வீட்டு மண்ணும் இல்ல. உங்க தங்கச்சி வீட்டு மண்ணுதான்.”

“தெரியுது மாப்ள.”

“பெறகென்ன?”

இந்த ஒரு தடவைக்குப் பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. படத்தின் ஓரத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களாக இருக்க வேண்டும். தூக்குவாளியோடு இருந்த ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அங்க இருந்து அவுக வேண்டாம்ங்காக, இங்க இருந்து நீ கொட்டுறியே. மனுசன் கேக்கலன்னா கம்பமாவது கேக்கும்போல.”

“ஏத்தா, உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ” என்றான் பாண்டி. அவன் முகம் மாறிவிட்டது. ஆட்கள் முன்னால் வைத்து அவனுக்கு இப்படி நேர்ந்ததில்லை. கம்பத்துக்கு நேர் கீழே வந்து நின்று பேசினான். உச்சியிலிருந்து பார்க்கிற மாதிரி எனக்கு அவன் நெற்றியும் மீசையும்தான் தெரிந்தன.

“இத்தன வருசமா உங்க வீட்டுக்குச் சாவி வச்சுக்கிட்டு, வெள்ளி செவ்வா கூட்டித் தெளிச்சு வெளக்கேத்துறது யாரு மச்சான்? உங்க ஆத்தாளத் தூக்கிப் போட்டது யாரு? இந்த ஊருணியா தூக்கிப் போட்டுச்சு?”

அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் பாண்டிதான்.

என் விரல் மைக்குப் படத்தின் மேலேயே இருந்தது. எல்லாரும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதில் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

“நீங்கதான் மாப்ள. இல்லைங்கல. கொட்டுனத அள்ளிருங்க.”

அவன் துண்டை மறுபடியும் தலையில் கட்டினான். பிறகு டிராக்டர்க்காரனிடம் மண்வெட்டியைக் கேட்டு வாங்கினான். படியில் விழுந்ததை அவனே அள்ளிப் போட்டான். யாரும் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் கையால் கூட்டிச் சின்னக் கற்களையும் பொறுக்கினான். டிராக்டர் போன பிறகு அவனும் போனான். கம்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சீனர் வந்து நின்றுகொண்டிருந்தார். மாலை பாதிதான் ஆகியிருந்தது. மீதியைக் கட்டிக் கொடுத்தேன்.

6

மத்தியானத்துக்கு மேல் மாரி அனுப்பிய குரல் செய்தி வந்தது.

“உன் ஊருணிக்கு ஒண்ணும் ஆகல. எங்க வீட்டு மண்ண உன் வாசல்லயே கொட்டச் சொல்லிட்டேன். ஒனக்குத்தான் அங்க வேலை இல்லையே, கெடந்துட்டுப் போகட்டும். சாவிய ஜெராக்ஸ் கடையில குடுத்தாச்சு. இனி அந்த வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல.”

ரேணுகா போட்டோ எடுத்து அனுப்பினாள். தகரக் கதவில் பாதி உயரத்துக்கு இடிசல். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர்த் துண்டுகள். ஒன்றில் காலண்டர் மாட்டிய ஆணி அப்படியே இருந்தது. பையன்களை வரச் சொல்லி அள்ளிவிடட்டுமா என்று கேட்டிருந்தாள். வேண்டாம் என்று பதில் போட்டேன். உள்ளே போக ஆள் இல்லாத வீட்டுக்கு வாசல் அடைத்திருந்தால் என்ன என்று அப்போது நினைத்தேன். அதைக் கோபத்தில் நினைக்கவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். ஜீப் நிற்பது, அவர்கள் படியில் இறங்குவது, கல்லின் மேல் ஈரத் தாளை ஒட்டி எழுத்தைப் படியெடுப்பது எல்லாம் கேமராவில் தெரிந்ததாம். அன்று வேறு வீட்டு முறை, நான் பார்க்கவில்லை. கம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதை எழுதிக்கொள்கிறோம் என்றார்களாம். வண்டி நிறுத்தத்துக்கு வேறு இடம் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் இன்னும் வரவில்லை. பட்டியலில் சேருமா என்பதும் தெரியவில்லை. ஊருணி இருக்கிறது. இப்போதைக்கு அவ்வளவுதான்.

இதை எழுதச் சொன்னதும் ரேணுகாதான். ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்களாம். நான் மலேசியாவிலிருந்து பாண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாகச் சிலர். போலீசுக்குப் போன் போட்டதாகச் சிலர். நான் பேசிய மொத்தமும் மேலே இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்றேன். உங்க பேர வச்சுத்தான் பேசுறாக, நீங்களே எழுதுறது நல்லது என்றாள்.

மாரிக்கு நாலைந்து தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. பொங்கலுக்கும் எடுக்கவில்லை. தங்கை பேசாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று சாந்தி கேட்டாள். கடையில் கூட்டம் அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன். உண்மையிலேயே கூட்டம்தான்.

7

போன வாரம் மறுபடியும் எங்கள் முறை வந்தது. கம்பு இப்போது இடிசலின் மேல்தான் சாய்கிறது என்று ரேணுகா சொன்னாள்.

ஊரில் உச்சி வெயில் நேரம். ரோட்டில் யாரும் இல்லை. கீழத்தெருப் பக்கமிருந்து ஒரு பெண் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கேமராவில் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். கம்பத்துக்குக் கீழே வந்து அண்ணாந்தபோதுதான் மாரி என்று தெரிந்தது. தலை நன்றாக நரைத்துவிட்டது. போனில் பேசும்போது அவள் குரல் மட்டும்தானே வரும். எனக்குள் அவள் நான் கிளம்பிய வயதிலேயே இருந்திருக்கிறாள்.

“அண்ணே” என்றாள். “நீதான இருக்க?”

சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். தனியாகக் கம்பத்தோடு பேசுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

“அவரு இந்த ரோட்டுப் பக்கமே வர்றதில்ல, தெரியுமா? டீக்கடைக்குக்கூடச் சுத்தித்தான் போறாக. ஆளுகளுக்கு முன்னால அப்படிப் பண்ணிட்டயே. எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா நான் ஓடி வந்து நிப்பாட்டியிருக்க மாட்டனா?”

அன்று என் போனில் இருந்த இன்னொரு நம்பர் அவளுடையதுதான். அதை ஏன் கூப்பிடவில்லை என்று இதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

மைக்குப் படத்தை அமுக்கினேன். அமுக்கியபடியே இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் சாந்தி யாரிடமோ விலை சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, மல்லி வாடுது, தண்ணி தெளிங்க என்றாள். அதெல்லாம் அங்கே போயிருக்கிறது. மாரி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“அண்ணியா பேசுறாக?”

“ஆமா.”

“இப்பத்தான் கொரல் கேக்குறேன்” என்றாள். “பூ வாடுதாமுல்ல. போ, போயித் தெளி.”

போய்த் தெளித்தேன். சாக்கை நனைத்துப் போட்டு மூடிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். போயிருப்பாள் என்று நினைத்தேன். போகவில்லை. செருப்பைக் கழற்றி மேலே விட்டுவிட்டு, முதல் படியில், தூணின் நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது.

நான் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். நிழல் நகர்ந்தபோது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மேற்கேயிருந்து ஒரு லோடு வண்டி வந்தது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஊருணிக்கு நேராக வந்ததும் வேகம் குறைந்தது. மாரி எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, படியின் நடுவில் வந்து நின்றாள்.

வண்டி நிற்காமல் போய்விட்டது. அவள் உட்காரவில்லை.